திரை இருண்ட மூன்று மணி நேரம்: மினசோட்டா நாட்குறிப்பு

புதன்கிழமை

மகளின் வீடு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸ் நகரின் தெற்குப் பகுதியில் இருக்கிறது. நான் வந்து 12 நாள் ஆகிறது. இன்று மாலை பள்ளியிலிருந்து திரும்பிய பேரப்பிள்ளைகள் இருவரும் புத்தகப்பையை வாசலிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். நாளை முதல் நான்கு நாள் விடுமுறை. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் ஆசிரியர் சங்க மாநாட்டை ஒட்டி மினசோட்டா பள்ளிகளுக்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை விடுவது வழக்கமாம். சங்கத்தின் பழைய பெயரை வைத்து இன்னமும் எம்.இ.ஏ. விடுமுறை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. ஓடியவர்கள் போய் நின்ற இடம் தொலைக்காட்சிப் பெட்டி. பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 31 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள் நான். வெளியே இப்படி ஒரு வெயில் அடிக்கும்போது பிள்ளைகள் சோபாவில் சுருண்டு கிடப்பதைப் பார்த்தால் என் கை தானாக விசிலைத் தேடும். ஆனால் மகள் வீட்டில் வந்த புதிதிலேயே சட்டம் பேசக் கூடாது. பேசாமல் இருந்தேன்.

இருட்டிய பிறகு பக்கத்து வீட்டுப் பெண் பூசணி ரொட்டி கொண்டுவந்து கொடுத்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். திரையில் ஸ்பாஞ்ச்பாப் என்ற மஞ்சள் நிறக் கார்ட்டூன் பாத்திரத்தைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு அவள் சொன்ன கதையை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"எனக்கு ஒன்பது வயது இருக்கும். சனிக்கிழமை. படம் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று படம் போய் எழுத்து மட்டும் நின்றது. வெளியே போய் விளையாடச் சொல்லியிருந்தது. பெட்டி கெட்டுவிட்டதென்று அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா படித்துப் பார்த்துவிட்டு, சரியாகத்தானே சொல்கிறது என்று கதவைத் திறந்துவிட்டார்."

அவள் போன பிறகு மாப்பிள்ளையிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவள் பார்த்தது நிக்கலோடியன், 1979-இல் தொடங்கிய சிறுவர் தொலைக்காட்சி. அதில் 2004 அக்டோபர் 2-ஆம் தேதி நண்பகல் 12 முதல் 3 மணி வரை நிகழ்ச்சிகளை நிறுத்திவைத்தார்கள். அந்த ஆண்டு நடத்திய 'லெட்ஸ் ஜஸ்ட் ப்ளே' இயக்கத்தின் நிறைவு அது. உலக விளையாட்டு நாள் என்று பெயர் வைத்தார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள், பள்ளி திறந்த புதிதில் வரும் ஒரு சனிக்கிழமையில் அதையே செய்தார்கள்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பணியாற்றிய பள்ளியில் தேர்வு நெருங்கினால் முதலில் காணாமல் போவது என் பீரியட். கணக்கு ஆசிரியை வந்து "இன்றைக்கு மட்டும்" என்பார். அந்த "இன்றைக்கு மட்டும்" மார்ச் வரை நீளும். விளையாட்டுக்காகத் தன் நேரத்தை விட்டுக்கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. இங்கே, பிள்ளைகள் வீட்டில் இருக்கும் சனிக்கிழமைப் பகலை, விளம்பரம் விற்றுப் பிழைக்கும் ஒரு நிறுவனம் விட்டுக்கொடுத்திருக்கிறது.

வியாழக்கிழமை

செயின்ட் பால் நகரில் மினசோட்டா சிறுவர் அருங்காட்சியகம் இருக்கிறது. பச்சை வழித்தட ரயிலில் போனோம். 2014-இல் ஓடத் தொடங்கிய இந்தத் தடம் இரண்டு நகர்களையும் இணைக்கிறது. இரட்டை நகரங்கள் என்பார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குத் திருநெல்வேலியும் பாளையங்கோட்டையும் என்றால் சட்டென்று புரியும். நடுவில் ஆறு ஓடுவதும் அதே போலத்தான். இங்கே ஓடுவது மிசிசிப்பி.

அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பெட்டியும் "தொடாதே" என்ற பலகையும்தான் என் நினைவுக்கு வரும். இங்கே தொடாமல் நிற்கும் பிள்ளையைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். காற்றுக் குழாயில் துணியைப் போட்டால் அது மேலே பறந்து வேறெங்கோ விழுகிறது. பந்தை எறிய, உருட்ட, பறக்கவிட விதவிதமான பொறிகள். எல்லாவற்றையும் விட என்னை நிற்க வைத்தது 'தி ஸ்க்ராம்பிள்' என்ற ஏறுகோபுரம். நான்கு மாடி உயரம். வலைப்பின்னலுக்குள் நுழைந்து, பிடித்து, தவழ்ந்து, ஏறி, கடைசியில் சுழல் சறுக்கில் இறங்க வேண்டும்.

சின்னவன் முதல் தடவை பாதியில் திரும்பி வந்தான். இரண்டாம் தடவை கொஞ்சம் கூடுதலாக ஏறித் திரும்பினான். மூன்றாம் தடவை அவனுக்கு முன்னால் போன ஒரு பையனின் காலணியைப் பார்த்துக்கொண்டே ஏறிவிட்டான். உயரத்துக்குப் பயப்படும் பிள்ளையைத் தூக்கி மேலே வைத்தால் பயம் போகாது. ஒவ்வொரு தடவையும் எங்கிருந்து திரும்புவது என்பதை அவனே முடிவு செய்ய வேண்டும். இதைப் பயிற்சிக் கல்லூரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை, பிள்ளைகளிடமிருந்துதான் கற்றேன்.

பெரியவள் ஒரு மணி நேரத்தில் வியர்த்து நின்றாள். அமெரிக்கா வந்த பிறகு இந்தப் பிள்ளைகள் வியர்த்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை

நாங்கள் வீட்டைவிட்டுக் கிளம்புமுன்பே மாப்பிள்ளை சொன்னார். "அத்தை, இன்றைக்குக் கூட்டம் அதிகமாக இருக்கும். கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள்." விடுமுறை வெள்ளியில் மால் ஆஃப் அமெரிக்காவுக்குப் போனால் அப்படித்தான்.

நீல வழித்தட ரயில் கடைவளாகத்திலேயே போய் முடிகிறது. உள்ளே நடந்துகொண்டே இருந்தால் ஓரிடத்தில் கடைகள் விலகி, தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை விரிந்து, அதன் கீழே ஒரு முழுத் திருவிழா தெரிகிறது. ரோலர் கோஸ்டர், ராட்டினம், மரங்கள், ஒரு செயற்கை மலை. அதுதான் நிக்கலோடியன் யூனிவர்ஸ். 7 ஏக்கர். 1992-இல் வளாகம் திறந்தபோது இது கேம்ப் ஸ்னூப்பி. 2008 மார்ச்சிலிருந்து நிக்கலோடியனின் பெயரில் நடக்கிறது. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. சவாரிக்குத்தான் டிக்கெட். பாட்டிமார் சும்மா சுற்றிப் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்தது.

நடு அக்டோபரில் வெளியே குளிர்காற்று, உள்ளே இதமான வெப்பம். இந்தக் கட்டடத்தின் பொதுவெளிகளுக்கு மையச் சூடேற்றி கிடையாதாம். கூரை வழியே வரும் வெயில், விளக்குகளின் சூடு, வந்துபோகும் மனிதர்களின் உடல்வெப்பம் எல்லாம் சேர்ந்தே போதுமாம். அங்கே இருப்பவை உண்மையான செடிகள். அவற்றில் பூச்சி விழாமலிருக்க மருந்துக்குப் பதில் பொறிவண்டுகளை விடுகிறார்கள். சின்னவனை ஒரு தொட்டியருகே நிறுத்தி, இலையைத் திருப்பித் திருப்பித் தேடினோம். ஒன்று கிடைத்தது. அவனுக்கு அன்றைய நாளின் பெரிய வெற்றி அதுதான் என்று நினைக்கிறேன்.

சவாரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெப்சி ஆரஞ்சு ஸ்ட்ரீக் என்ற ரோலர் கோஸ்டர் பூங்கா முழுவதையும் சுற்றி ஓடுகிறது. லாக் ஷூட் என்ற மரக்கட்டை ஓடம் மலைக்குள் போய், கடைசியில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கீழே விழுகிறது. அதில் மாப்பிள்ளையும் சின்னவனும் சேர்ந்து போனார்கள். நனைந்து இறங்கியபோது அப்பாவும் மகனும் ஒரே வயதுப் பிள்ளைகள் போலச் சிரித்தார்கள். வாரம் முழுக்கக் கணினிக்கு முன்னால் குனிந்திருக்கும் மனிதர் அவர். அந்தச் சிரிப்புக்காக எத்தனை டிக்கெட் வேண்டுமானாலும் வாங்கலாம்.

ஆனால் என் கணக்கை நான் தனியாகத்தான் எழுதுவேன். சின்னவன் ஏழு சவாரி போனான். ஏழிலும் உட்கார்ந்திருந்தான். இயந்திரம் ஓடியது, ஏறியது, சுழன்றது. பிள்ளையின் கால்கள் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. இது கொண்டாட்டம், குடும்பத்துக்கு மிகவும் வேண்டிய கொண்டாட்டம். விளையாட்டு என்று நான் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், சவாரிக்குக் கூட்டிப்போய்விட்டோம், இந்த வாரத்துக்குப் போதும் என்று பெற்றோர் நினைத்துவிடுவார்கள்.

பிற்பகலில்தான் டச்மன்ஸ் டெக்கைப் பார்த்தோம். கப்பல் போல அமைத்த கயிற்றுப் பாதை. இடுப்பிலும் தோளிலும் பட்டையைப் பூட்டி, மேலே கம்பியில் கொக்கி மாட்டி அனுப்புகிறார்கள். அதன் பிறகு பிள்ளை தன் காலால் நடக்க வேண்டும். ஒரு கயிறு, இரண்டு பலகை, ஆடும் கட்டை, மறுபடி கயிறு. பெரியவள் தானே கேட்டு ஏறினாள். முதல் பாதையைத் தாண்டினாள். இரண்டாவதில், ஆடும் பலகைகளுக்கு நடுவே நின்றுவிட்டாள்.

நான் கீழே நின்றேன். 31 ஆண்டுப் பழக்கம் தொண்டை வரை வந்தது. இடது காலை வை, பார்வையை நேராக வை, மூச்சை விடு. ஆனால் கீழிருந்து கத்தும் குரல் மேலே நிற்பவளுக்கு ஒரு பாரம்தான். மகளும் கூப்பிட வாயெடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் வந்த ஒரு பையன் நிதானமாகக் காத்து நின்றான், அவசரப்படுத்தவில்லை. அந்தப் பையனை நான் மறக்க மாட்டேன்.

அவள் கயிற்றை மாற்றிப் பிடித்தாள். மறுபடி பழையபடியே பிடித்தாள். கால் பெருவிரலால் அடுத்த பலகையைத் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொண்டாள். இப்படி நான்கைந்து தடவை. பிறகு, யாரும் ஒன்றும் சொல்லாத ஒரு கணத்தில், கடந்துவிட்டாள். கீழே வந்ததும் எதுவும் பேசவில்லை. என் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி முழுதும் குடித்தாள். "ஆச்சி, என் கை நடுங்குகிறது பாருங்கள்" என்று காட்டினாள். அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

இந்தக் கயிற்றுப் பாதை நிக்கலோடியனின் பழைய குணத்தோடு ஒட்டியது என்று மாப்பிள்ளை விளக்கினார். 1986-இல் தொடங்கிய 'டபுள் டேர்' நிகழ்ச்சியில் பிள்ளைகள் கேள்விக்குப் பதில் சொல்வார்கள். பதில் சொல்ல முடியாத இடத்தில் உடலால் செய்யும் சவால் ஒன்றை ஏற்கலாம். கடைசியில் 60 விநாடியில் 8 தடைகளைத் தாண்டும் ஓட்டம். வழுக்கி, விழுந்து, பச்சைக் கூழில் புரண்டு ஓடுவார்களாம். எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் நான் நடத்திய தடையோட்டத்தில் சாக்குப்பையும் சைக்கிள் டயரும் இருந்தன. கூழ் மட்டும்தான் இல்லை.

கிளம்பும் முன் பூங்காவின் வடமேற்கு மூலைக்குப் போனோம். தரையில் ஒரு பட்டயம் பதித்திருக்கிறது. இந்த இடத்தில் முன்பு மெட்ரோபாலிட்டன் ஸ்டேடியம் இருந்தது. 1956 முதல் 1981 வரை பேஸ்பால் ஆடிய மைதானம். பந்தை அடிக்க ஆட்டக்காரர் நிற்கும் இடத்தைத்தான் அந்தப் பட்டயம் காட்டுகிறது. அங்கிருந்து நிமிர்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்தால், உயரத்தில் ஒரு சிவப்பு நாற்காலி தனியாகத் தெரிகிறது. 1967 ஜூன் 3-ஆம் தேதி ஹார்மன் கில்லிப்ரூ அடித்த பந்து 520 அடி தூரம் பறந்ததன் அடையாளம் அது. இத்தனை இயந்திர இரைச்சலுக்கு நடுவே அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிலிர்த்தது. இடித்துக் கட்டியவர்கள் அதை மறந்துவிடவில்லை, அதற்கு என் நன்றி.

சனிக்கிழமை

பணம் செலவாகாத நாள். அதே நீல வழித்தடத்தில் மினிஹாஹா பூங்கா நிறுத்தம். இந்த மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் மொழியில் 'ம்னி' என்றால் தண்ணீர். மினசோட்டா, மினியாபொலிஸ் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் சொல் அது. அருவி 53 அடி. குற்றாலத்தில் குளித்து வளர்ந்தவளுக்கு அருவி என்றால் தலையைக் கொடுக்க வேண்டும். இங்கே பார்க்க மட்டும்தான். மினிடோங்கா ஏரியில் கிளம்பி 22 மைல் ஓடிவரும் ஓடை இங்கே விழுந்து, கொஞ்ச தூரத்தில் மிசிசிப்பியில் சேர்கிறது. கல்படிகளில் இறங்கி அந்த முகத்துவாரம் வரை நடந்தோம். ஓக் இலைகள் செம்பழுப்பாக உதிர்ந்து கிடந்தன. பிள்ளைகள் நடக்கவே இல்லை. விழுந்த மரத்தில் ஏறினார்கள், கல்லைத் தூக்கி ஓடையில் போட்டார்கள், இலையைக் குவித்து அதில் குதித்தார்கள். டிக்கெட்டும் கொக்கியும் வரிசையும் இல்லாத தடையோட்டம்.

இந்த ஊர் இப்படித் தானாக அமைந்துவிடவில்லை. 1883-இல் மக்கள் வாக்களித்துப் பூங்காக்களுக்கென்றே தனி வாரியம் அமைத்தார்கள். ஹோரேஸ் கிளீவ்லாண்ட் என்ற நிலவடிவமைப்பாளர், நிலம் விலையேறும் முன் ஏரிக்கரைகளையும் ஆற்றங்கரையையும் பொதுச் சொத்தாக்கிவிடுங்கள் என்று வற்புறுத்தினார். அவர் பேச்சைக் கேட்டார்கள். இன்றும் அந்த வாரிய உறுப்பினர்களை மக்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊரில் கிட்டத்தட்ட எல்லா வீட்டிலிருந்தும் பத்து நிமிட நடையில் ஒரு பூங்கா இருக்கிறது. வெளியே போய் விளையாடு என்று ஒரு தொலைக்காட்சி சொன்னால், போக ஓர் இடம் இருக்க வேண்டுமே. இருந்த வயல்வெளிகள் மனைகளாகிப்போன என் ஊரை நினைத்துக்கொண்டே படியேறினேன். மூச்சு வாங்கியது.

ஞாயிற்றுக்கிழமை

காலையில் பெரியவள்தான் ஆரம்பித்தாள். "ஆச்சி, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன மாதிரி நம் டிவியையும் மூன்று மணி நேரம் நிறுத்துவோமா?" ஒரு தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் "விளையாடப் போயிருக்கிறோம்" என்று எழுதினாள். தமிழில் 'ழ'வுக்கு மட்டும் என் உதவி தேவைப்பட்டது. பன்னிரண்டு மணிக்குத் தாளைத் திரையில் ஒட்டினாள்.

அதற்கு முன், காலைச் சாப்பாட்டில் ஒரு வாக்குவாதம். மகளுக்கு அந்தத் தொலைக்காட்சியின் மேல் என்னளவு மதிப்பில்லை. வருடத்தில் மூன்று மணி நேரம் விளையாடச் சொல்லிவிட்டு மீதி நாளெல்லாம் இனிப்புத் தானியத்துக்கு விளம்பரம் போட்டால் சரியாகிவிடுமா என்றாள். அவள் பேச்சில் நியாயம் உண்டு. 2006 ஜனவரியில் ஒரு நுகர்வோர் அமைப்பும் சில பெற்றோரும், சத்தில்லாத தின்பண்டங்களைப் பிள்ளைகளிடம் விற்கிறார்கள் என்று நிக்கலோடியனின் அப்போதைய தாய் நிறுவனமான வயாகாம் மீதும், தானிய உணவு விற்கும் கெல்லாக் நிறுவனத்தின் மீதும் வழக்குத் தொடரப்போவதாக அறிவித்தார்கள். அந்தக் காலத்தில்தான் ஸ்பாஞ்ச்பாபின் படம் கேரட், கீரைப் பாக்கெட்டுகளிலும் வரத் தொடங்கியது. கண்டித்தால் மாறுகிறார்கள் என்றால் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனாலும் அந்த மூன்று மணி நேரத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்பது வயதுப் பெண் ஒருத்தியை எழுப்பி வெளியே அனுப்பிய நாளை, இருபது வருடம் கழித்து அவள் பூசணி ரொட்டியோடு வந்து சொல்கிறாள். என் மாணவிகளில் எத்தனை பேர் என் பீரியட்டை அப்படி நினைத்துக்கொள்வார்கள்?

வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தும் சிமென்டுத் தளத்தில் சுண்ணக்கட்டியால் கிளித்தட்டு வரைந்தேன். நடுவே ஒரு நெடுங்கோடு, குறுக்கே கோடுகள். கோட்டில் நிற்பவர் கோட்டைவிட்டு விலகக் கூடாது, கிளி மட்டும் நெடுங்கோட்டில் ஓடலாம், மற்றவர்கள் பிடிபடாமல் கட்டம் கட்டமாகத் தாண்ட வேண்டும். தெருவில் இருந்த ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். மூன்று மொழிகளில் சண்டை போட்டார்கள். சோமாலியக் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, நெடும் பாவாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, என் வாழ்நாளில் நான் பார்த்த சிறந்த கிளிகளில் ஒன்றாக ஓடினாள். இந்தப் பெண் எங்கள் பள்ளியில் இருந்திருந்தால் மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போயிருப்பேன்.

சின்னவன் இரண்டு முறை உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தான். அவனுக்கு மணி பார்க்கத் தெரியாது. சின்ன முள் மூன்றில் நிற்க வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். மூன்றானதும் வந்து என் சேலையை இழுத்தான். சொன்ன சொல் சொன்னதுதான். தாளை எடுத்துவிட்டுப் பெட்டியைப் போட்டுக் கொடுத்தேன். முழங்காலில் சுண்ணத்தூளோடு தரையில் உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்தில் நானும் உட்காரப் போனேன்.

வாசல் கதவைத் தட்டும் சத்தம். பெரியவள் மூச்சிரைக்க நின்றாள். "ஆச்சி, இவன் வந்துவிட்டதால் எங்கள் பக்கம் ஓர் ஆள் குறைகிறது."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினேன்.